கயிறு மீட்புப் பயிற்சிக்கு பீம் கிளாம்ப் தேர்ந்தெடுக்கும் முறை

தொழிற்சாலைகளிலும் அனல்மின் நிலையங்களிலும் பயிற்சிக் கோபுரங்களிலும் கயிறு மீட்புப் பயிற்சி (சிக்கியவரைக் கயிற்றால் மீட்கும் பயிற்சி) நடத்துகிறவர்கள் ஆங்கர், அதாவது கயிற்றைக் கட்டும் உறுதியான பிடிமானம், தேடி நிமிர்ந்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது இரும்பு பீம்தான். அந்த பீமில் துளை போடாமலும் வெல்டிங் வைக்காமலும் கயிற்றைத் தொங்கவிட ஒரு பிடிப்பைத் தருவது பீம் கிளாம்ப். வாங்கப் போகிறவர்கள் அதன் மேல் பொறித்திருக்கும் கிலோநியூட்டன் எண்ணைத்தான் வழக்கமாக முதலில் பார்க்கிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. அந்த எண், குறிப்பிட்ட அளவுள்ள பீமில், குறிப்பிட்ட திசையில், குறிப்பிட்ட பயன்பாட்டுக்காக இழுத்துப் பார்த்துப் பெற்றது. நம் பீம் எது, இழுப்பு எந்தத் திசையில் வரும், தயாரிப்பாளர் எதற்கு அனுமதிக்கிறார் என்ற மூன்றும் தெரியாதவரை அந்த எண்ணால் நமக்குப் பயனில்லை.

பெயர் ஒன்று, பொருள் பல

கடையில் பீம் கிளாம்ப் என்று கேட்டால் நான்கைந்து வெவ்வேறு பொருள்கள் வரும். அவற்றில் முதலில் ஒதுக்க வேண்டியது, தண்ணீர்க் குழாயையும் மின்கேபிள் தட்டையும் தொங்கவிடப் பயன்படும் சிறிய வார்ப்பிரும்பு கிளாம்ப். பீமின் ஓரப் பட்டையான ஃபிளேஞ்சை ஒரு பக்கம் மட்டும் ஒற்றைத் திருகால் பிடிக்கும் இதற்கு மனிதரைத் தாங்கும் வேலையே கிடையாது. விலை குறைவு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் என்பதாலேயே இதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வகை, உயரத்தில் வேலை செய்கிறவர்கள் விழாமல் காக்கும் சறுக்கு கிளாம்ப். நீண்ட தண்டின் இரு முனைகளிலும் கொக்கி போன்ற தாடைகள் இருக்கும். அவை ஃபிளேஞ்சின் இரு ஓரங்களையும் தளர்வாகக் கவ்வியிருக்கும். தொழிலாளி நடக்க நடக்க அதுவும் பீம் மேல் கூடவே நகர்ந்து வருவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மூன்றாவது வகையும் உயரப் பணிக்கானதே, ஆனால் திருகி இறுக்கி ஓரிடத்தில் நிற்க வைப்பது. நான்காவது, செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) மாட்டுவதற்கான லிஃப்டிங் கிளாம்ப். நடுத்தண்டைச் சுழற்றினால் இரு தாடைகளும் ஒரே நேரத்தில் நெருங்கி ஃபிளேஞ்சை அழுத்திப் பிடிக்கும். 1 டன், 2 டன், 3 டன் என்று பாரக் குறிப்போடு விற்கப்படும். சக்கரம் வைத்த டிராலி ஐந்தாவது. மனிதருக்கென்று சான்று பெற்று, ஓரிடத்தில் பூட்டி நிறுத்தும் அமைப்பும் இருந்தாலொழிய அதை மீட்புப் பயிற்சியில் சேர்க்க வேண்டாம்.

ஆக, நம் முன் உண்மையில் இருப்பவை சறுக்கு கிளாம்ப், நிலையான உயரப்பணிக் கிளாம்ப், லிஃப்டிங் கிளாம்ப் ஆகிய மூன்றுதான். இவற்றுள் எது என்பதைத் தீர்மானிக்க முதலில் பீமிடம் போக வேண்டும்.

பீமை அளப்பது

'ஐ' வடிவ பீமில் மேலும் கீழும் படுத்திருக்கும் பட்டைகள் ஃபிளேஞ்ச். நடுவில் நிற்கும் தகடு வெப். கிளாம்ப் பிடிப்பது ஃபிளேஞ்சை. எனவே ஃபிளேஞ்சின் அகலமும் தடிமனும் அளந்து எழுதப்பட்ட பிறகே கிளாம்ப்பின் அளவைப் பற்றிப் பேச முடியும். இந்தியாவில் பழைய ஆலைக் கட்டுமானங்களில் பெரும்பாலும் காணப்படுவது ஐ.எஸ். 808 என்ற இந்தியத் தரத்தின்படி உருட்டிய ஐ.எஸ்.எம்.பி. பீம்கள். 200 மி.மீ. உயர பீமுக்கு ஃபிளேஞ்ச் அகலம் 100 மி.மீ.; 300 மி.மீ. உயரத்துக்கு 140, 600 மி.மீ. உயரத்துக்கு 210. ஐ.எஸ். 12778 தரத்தில் வரும் அகல ஃபிளேஞ்ச் பீம்களில் 300 மி.மீ. உயரத்துக்கு 300 மி.மீ. அகலமே உண்டு. கீழிருந்து பார்த்துக் கண்ணால் மதிப்பிட்டு வாங்கிய கிளாம்ப், மேலே ஏறியபின் பொருந்தாமல் போவது இந்த வேறுபாட்டால்தான்.

இவ்விரு வகை பீம்களுக்கும் இடையே அகலத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஐ.எஸ்.எம்.பி. பீமில் ஃபிளேஞ்சின் உட்புறம் சரிவாக இருக்கும். வெப்புக்கும் அந்த உட்புறத்துக்கும் இடையிலான கோணம் 98 பாகை. ஆகவே ஓரத்தில் மெல்லியதாகவும் வெப்பை நெருங்க நெருங்கத் தடித்தும் போகும். ஐ.எஸ். 12778 பீம்களில் உட்புறமும் வெளிப்புறமும் இணையாக இருக்கும். இணையான ஃபிளேஞ்சுக்கென்று தட்டையாகச் செய்த தாடையைச் சரிவான ஃபிளேஞ்சில் மாட்டினால், தாடையின் முழு முகமும் படியாமல் ஒரு விளிம்பு மட்டுமே தொடும். சுமை ஏறும்போது அது வெளிப்புறமாக வழுக்கப் பார்க்கும். உங்கள் பீம் சரிவானது என்றால், சரிவான ஃபிளேஞ்சுக்கும் பொருந்தும் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரிகிற நம்மவர்கள் பெரும்பாலும் இணை ஃபிளேஞ்ச் கொண்ட ஐரோப்பிய, பிரிட்டிஷ் பீம்களைக் கையாளுகிறார்கள். அங்கே பழகிய கிளாம்ப்பை இங்கே கொண்டுவரும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

தடிமனை வெர்னியர் காலிப்பரால் ஓரத்திலும், தாடை எவ்வளவு உள்ளே போகுமோ அந்த இடத்திலும் அளக்க வேண்டும். அட்டவணையில் இருக்கும் தடிமன், சரிவின் நடுவில் ஓரிடத்துக்கானது. அதை மட்டும் நம்பினால் தாடையின் வாய் போதாமல் போகலாம். கிளாம்ப்பின் குறைந்தபட்ச, அதிகபட்ச அகல வரம்புக்குள் உங்கள் பீம் நடுவாக்கில் விழுவது நல்லது. வரம்பின் மேல் நுனியில் நின்றால் தண்டின் மரைகளில் சில மட்டுமே பிடித்திருக்கக்கூடும்.

மேற்பரப்பையும் பாருங்கள். தடித்த எப்பாக்சி பூச்சு, தீத்தடுப்புக்காகத் தெளித்த பஞ்சுபோன்ற பூச்சு, உரிந்துவரும் துரு ஆகிய மூன்றுமே தாடை இரும்பைத் தொடாமல் தடுக்கும். துரு உரிந்துவருகிற இடத்தில் கிளாம்ப்பைப் பற்றிய கேள்வியே எழக்கூடாது. அந்த பீமே வேண்டாம். பீம் ஏதோ ஒரு நடைபாதையைத் தாங்குகிற துணை உறுப்பா, கட்டடத்தின் முதன்மை உறுப்பா, அதன் இரு முனைகளிலும் போல்ட் இணைப்பு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் ஆலையின் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். பயிற்சியாளர் எவ்வளவு அனுபவசாலியானாலும் இதைத் தாமே முடிவு செய்வது சரியில்லை. ஹாயிஸ்ட் (பாரம் தூக்கும் பொறி) ஓடும் பீமைப் பயன்படுத்துவதானால் அதன் மின் இணைப்பைத் துண்டித்து, பூட்டி, அட்டை தொங்கவிட்ட பிறகே ஏற வேண்டும்.

சி வடிவச் சானல், கோண இரும்பு, பெட்டி வடிவக் குழாய் ஆகியவற்றில் பீம் கிளாம்ப் மாட்டக் கூடாது. சானலில் ஃபிளேஞ்ச் வெப்பின் ஒரு பக்கமே நீண்டிருப்பதால் பிடிப்பு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். அத்தகைய இடங்களில் விளிம்புக் காப்புடன் சுற்றிய கம்பிவட ஸ்லிங்கோ துணி ஸ்லிங்கோ (சுற்றிக் கட்டும் வடம் அல்லது பட்டை) தான் சரி. சொல்லப்போனால், முழு பீமையும் சுற்றிக் கட்ட இடமிருக்கிற எங்கும் ஸ்லிங்கையே முதலில் யோசியுங்கள். மேலே கான்கிரீட் தளம் படிந்து சுற்றிவர வழியில்லாத பீமில்தான் கிளாம்ப்புக்குத் தனி மதிப்பு.

இழுப்பு எந்தத் திசையில் வருகிறது

உயரப் பணியில் கிளாம்ப்புக்கு வரும் சுமை எளிமையானது: ஒருவர் விழுகிறார், நேர் கீழே இழுப்பு வருகிறது. மீட்பில் அப்படி இல்லை. கயிறு கப்பியில் திரும்பும், குழு பக்கவாட்டில் நின்று இழுக்கும், தூக்குப் படுக்கை சுவரிலிருந்து விலக்கி இழுக்கப்படும். ஒரே பயிற்சிக்குள் இழுப்பின் திசை பலமுறை மாறும்.

கணக்காகவே பார்ப்போம். மீட்பு உபகரணங்களுக்கான அமெரிக்க என்.எஃப்.பி.ஏ. (தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) தரம், பொதுப் பயன்பாட்டு வகைக்கு 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோவைச் சுமையாக எடுத்துக்கொள்கிறது. மீட்பவர் ஒருவர், மீட்கப்படுபவர் ஒருவர், படுக்கை, கருவிகள் எல்லாம் சேர்ந்த எடை அது; விசையாகச் சொன்னால் 2.67 கிலோநியூட்டன். இந்தச் சுமை கிளாம்ப்பில் நேராகத் தொங்கினால் கிளாம்ப்புக்கும் 2.67. கிளாம்ப்பில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றின் மறுமுனையைத் தரையில் நிற்கும் குழு நேர் கீழாக இழுத்தால், கப்பியின் இரு பக்கமும் அதே இழுவிசை இருப்பதால் கிளாம்ப்புக்கு 5.34 வந்துவிடும், கப்பியின் உராய்வு இதற்கு மேல். எடை மாறவேயில்லை, கப்பி ஒன்றைச் சேர்த்ததிலேயே சுமை இரட்டித்துவிட்டது.

அதே குழு தரையில் நிற்காமல், பீம் மட்டத்திலேயே உள்ள ஒரு மேடையில் நின்று பீமின் நீளவாக்கில் கிடைமட்டமாக இழுக்கிறது என்று வையுங்கள். கயிற்றின் இரு பாகங்களுக்கும் இடையே 90 பாகை. கிளாம்ப்பின் மேல் வரும் மொத்த விசை சுமையின் 1.41 மடங்கு, அதாவது சுமார் 3.8 கிலோநியூட்டன். முன்னதைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அது 45 பாகை சாய்ந்து வருகிறது. பீமின் நீளவாக்கில் மட்டும் 2.67 கிலோநியூட்டன் இழுப்பு இருக்கிறது. சறுக்கு கிளாம்ப் இந்த இழுப்பில் நிற்காது. நகர்வதற்காகவே செய்யப்பட்டது நகரத்தான் செய்யும். நகர்ந்து பீமின் திறந்த முனை வரை போய்விட்டால் அங்கே அதைத் தடுக்க ஒன்றுமில்லை.

எனவே மீட்புப் பயிற்சியில் கப்பி மாட்டும் இடத்துக்கும் பக்கவாட்டு இழுப்பு வரக்கூடிய இடத்துக்கும் சறுக்கு கிளாம்ப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உறுதியாக இறுகி நிற்கும் கிளாம்ப், அதிலும் நீளவாக்கு இழுப்பைத் தாங்கும் என்று கையேடு சொல்கிற கிளாம்ப் வேண்டும். பயிற்றுநரும் உதவியாளர்களும் மேலே நடமாடும்போது தங்கள் சொந்தப் பாதுகாப்புக்காக மாட்டிக்கொள்ள சறுக்கு கிளாம்ப் மிக நல்ல பொருள். அதற்கென்று தனியாக வாங்கி, மீட்புக் கருவிகளோடு கலக்காமல் வையுங்கள்.

இரண்டு கிளாம்ப்களை மாட்டி, இரண்டிலிருந்தும் வரும் ஸ்லிங்குகளை நடுவில் சேர்த்துச் சுமையைப் பங்கிடும் பழக்கம் உண்டு. ஸ்லிங்குகளுக்கு இடையே 60 பாகை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சுமையின் 58 சதவீதம் வரும். 120 பாகையானால் ஒவ்வொன்றுக்கும் முழுச் சுமையே வரும், அப்போது பங்கிட்டதில் எந்த லாபமும் இல்லை. 60 பாகையிலும்கூட ஒவ்வொரு கிளாம்ப்பையும் மற்றதை நோக்கி இழுக்கும் விசை சுமையில் கால் பங்குக்கும் சற்று அதிகம். சறுக்கு கிளாம்ப்களாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, சேரும் புள்ளி கீழே இறங்கிவிடும்.

பீமுக்குக் குறுக்காக இழுப்பது இதைவிடக் கெட்டது. அப்போது பீம் முறுக்கப்படுகிறது. 'ஐ' வடிவம் முறுக்கைத் தாங்குவதில் பலவீனமானது. கிளாம்ப்பும் ஒரு பக்கத் தாடையில் மட்டும் சுமை ஏறி ஆடத் தொடங்கும். லிஃப்டிங் கிளாம்ப்கள் பல நேர் கீழான இழுப்புக்கு மட்டுமே உரியவை. சாய்வை அனுமதிக்கும் மாடல்களிலும் சாய்வுக்கு ஏற்பப் பாரம் குறைக்கப்பட்டிருக்கும். குறுக்கு இழுப்பு தவிர்க்க முடியாத பயிற்சியென்றால், இழுக்கும் திசைக்கு நேராக இருக்கும் வேறொரு பீமைத் தேடுவதே வழி. கிளாம்ப்பை மாற்றிப் பயனில்லை.

எண்ணும் சான்றும்

இப்போது எண்ணுக்கு வரலாம். ஐரோப்பிய ஈ.என். 795 தரத்தின் 2012 பதிப்பில், எடுத்துச் செல்லக்கூடிய தற்காலிக ஆங்கர் பி வகை. உலோகத்தாலானது 12 கிலோநியூட்டனை 3 நிமிடம் தாங்க வேண்டும், துணியாலானதற்கு 18. இந்த வகை ஒருவருக்கானது. ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு 16415 என்ற தனித் தொழில்நுட்பக் குறிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி, வீழ்ச்சித் தடுப்பு ஆங்கர் ஒரு தொழிலாளிக்கு 5000 பவுண்டு, அதாவது 22.2 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. தகுதி பெற்றவர் வடிவமைத்த அமைப்பானால் இரண்டு மடங்கு பாதுகாப்பு போதும் என்ற விலக்கும் உண்டு.

12 கிலோநியூட்டன் என்பது பெரிய எண்ணாகத் தெரியும். மேலே கப்பி வைத்துக் கணக்கிட்ட 5.34-க்கு எதிரே வைத்தால் அது இரண்டேகால் மடங்குதான். மீட்புக் குழுக்கள் பல, நிலையான சுமைக்குப் பத்து மடங்கு வலிமையைக் குறிக்கோளாக வைத்துக்கொள்கின்றன. இன்னொரு ஒப்பீடும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உருவான பிலே (முதன்மைக் கயிறு தவறினால் சுமையைப் பிடிக்கும் காப்புக் கயிறு) சோதனையில், 280 கிலோ எடையை 3 மீட்டர் கயிற்றில் 1 மீட்டர் விழவிட்டு, தடுக்கும்போது வரும் உச்ச விசை 15 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்தச் சோதனையில் தேறிய கருவியேகூட ஆங்கருக்கு 15 வரை கொடுக்கலாம் என்பதே இதன் பொருள். 12-க்குச் சோதித்த, ஒருவருக்கான கிளாம்ப்பில் இருவர் சுமையின் பிலே கயிற்றைக் கட்டுவது ஏன் தவறு என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

லிஃப்டிங் கிளாம்ப்பில் கணக்கு வேறு. அதன் மேல் எழுதியிருப்பது உடையும் வலிமை அன்று, வேலைப் பாரம். ஐரோப்பிய இயந்திர விதிகளின்படி உலோகத் தூக்குக் கருவிகளுக்குப் பொதுவாக 4 மடங்கு பாதுகாப்பு வைப்பதால், 2 டன் கிளாம்ப் ஏறத்தாழ 78 கிலோநியூட்டன் வரை தாங்கக்கூடியது. மனிதரைத் தூக்கும்போது பாதுகாப்பை இரட்டிக்க வேண்டும் என்ற பிரிட்டிஷ் நடைமுறையைப் பின்பற்றினால் அதே கிளாம்ப்பை 1 டன் என்று கொள்ள வேண்டும். வலிமையில் இது மற்ற இரண்டையும் எளிதாக மிஞ்சிவிடுகிறது; இருவர் சுமையைக் கப்பியோடு தூக்கும் பயிற்சிக்கு நான் விரும்புவதும் இந்த வகையைத்தான். ஆனால் பல தயாரிப்பாளர்கள் மனிதரைத் தூக்கக் கூடாது என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி அச்சிட்ட கிளாம்ப்பை, எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வாங்காதீர்கள். மனிதருக்கு அனுமதிக்கும் மாடல்கள் சந்தையில் இருக்கின்றன. எந்தத் திசைகளில், எவ்வளவு பாரத்துக்கு, மீட்புக்கு உண்டா இல்லையா என்ற விவரத்தைத் தயாரிப்பாளரிடமிருந்தே எழுத்தில் பெறுங்கள். விற்பனையாளரின் வாய்மொழி உறுதி இதற்குப் போதாது.

பயிற்சிக்கென்று கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

உண்மையான மீட்பில் கிளாம்ப் ஒருமுறை சுமை ஏற்கும். பயிற்சியில் ஒரே நாளில் பலமுறை ஏற்கும். அதுவும் கயிற்றைச் சீராக விடத் தெரியாத புதியவர்களின் கையில். பயிற்சிக் கிளாம்ப் என்று தரம் குறைந்ததை வாங்குவது அதனால் தலைகீழான சிந்தனை.

மேலே ஏணியில் நின்று, கையுறை அணிந்த கையால், ஒருவரே மாட்ட முடிகிறதா என்று வாங்கும் முன் செய்து பாருங்கள். எஃகு கிளாம்ப் கனமானது. அலுமினியம் இலகுவானது, ஆனால் எஃகு காரபைனர் (திறந்து மூடும் இணைப்பு வளையம்) தொடர்ந்து உரசும் கண்ணில், அதாவது மாட்டும் துளையில், விரைவில் தேயும், உப்புக் காற்றிலும் அமிலப் புகையிலும் அரிக்கும். கடலோர ஆலைகளுக்கு நான் எஃகையே சொல்வேன். மாட்டும்போது கைதவறினால் கீழே நிற்பவர் தலையில் விழாமல் இருக்க, கிளாம்ப்பைத் தனிக் கயிற்றால் கட்டிவைக்க இடமிருக்க வேண்டும். இறுக்கும் தண்டு அதிர்வில் தானே தளராமல் இருக்கப் பூட்டு அமைப்பு வேண்டும். காரபைனர் மாட்டும் கண் போதிய அகலத்தோடு இருக்க வேண்டும். இரண்டு காரபைனர்களை நெருக்கித் திணித்தால் அவை பக்கவாட்டில் மடங்கிச் சுமை ஏற்கும். பல கயிறுகள் தேவையென்றால் கண்ணில் ஒரு ரிக்கிங் பிளேட்டை (பல துளைகள் கொண்ட தகட்டை) மாட்டி அதிலிருந்து பிரியுங்கள். துணி ஸ்லிங்கை நேராகக் கண்ணில் கோர்க்காதீர்கள். கண்ணின் உள்விளிம்பு கூர்மையாக இருந்தால் அது துணியை அறுத்துவிடும்.

முதன்மைக் கயிற்றுக்கும் பிலே கயிற்றுக்கும் தனித்தனி ஆங்கர் என்பதால் கிளாம்ப்பை எப்போதும் இரண்டாகவே வாங்க வேண்டியிருக்கும். முடிந்தால் இரண்டையும் வெவ்வேறு பீம்களில் மாட்டுங்கள். ஒரே பீமில் மாட்ட நேர்ந்தால் அந்த பீமைப் பற்றிய பொறியாளரின் ஒப்புதல் இரு கயிறுகளின் சுமைக்கும் சேர்த்தே இருக்க வேண்டும். முதல் நாள் மாட்டியதும் ஆளை ஏற்றாமல், மணல் மூட்டையையோ பயிற்சிப் பொம்மையையோ தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு, பயிற்சியில் வரப்போகும் எல்லாத் திசைகளிலும் இழுத்துப் பாருங்கள். தாடையின் இரு ஓரங்களிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு இழுத்தால், கிளாம்ப் நகர்ந்ததா என்பது மேலே ஏறிப் பார்க்காமலே தெரியும்.

ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் முன் மரை, தாடை, பூட்டு, எழுத்துகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஈ.என். 365 தரம் தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்கிறது. மனிதரைத் தூக்கும் கருவிகளுக்கு பிரிட்டிஷ் விதி 6 மாதம். ஓயாமல் பயன்படும் பயிற்சிக் கிளாம்ப்புக்கு 6 மாதக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண், வாங்கிய நாள், எந்தெந்த பீமில் மாட்டப்பட்டது, பரிசோதித்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவாருங்கள்; எண் அழிந்த கிளாம்ப்பைப் பதிவேட்டோடு பொருத்த முடியாது என்பதால் அதையும் விலக்க வேண்டும். வீழ்ச்சியைத் தடுத்த கிளாம்ப் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும், தயாரிப்பாளர் பார்த்துச் சொல்லும்வரை தனியே வையுங்கள். விலக்கியதைப் பழைய இரும்பில் அப்படியே போடாமல், தண்டை அறுத்து இரண்டாக்கிவிட்டுப் போடுங்கள்; இல்லாவிட்டால் யாராவது அதை எடுத்துத் துடைத்து மறுபடி மேலே மாட்டிவிடுவார்கள்.